ஆர்.ஐ. வேஷம் கட்டியவள்

நான் எப்படி நடக்கிறேன் என்று எனக்குக் காட்டியவள் அவள்தான். பதினாறு வயதுவரை நான் நன்றாகத்தான் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் துப்பட்டாவை இடது தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே யாரோ வருவதுபோல ஒதுங்கி ஒதுங்கி நாடக ஒத்திகைக் கூடத்தைக் குறுக்கே கடந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அப்படியேதான் நடந்துகொண்டிருந்தேன்.

மறுவாரம் அவளே கேட்டாள்.

"ஆமா, யாருமே வரலியே, இன்னாத்துக்கு நீ ஒதுங்கற?"

எங்கள் காலனி ஆட்கள் ஊர்த்தெருவில் ஒதுங்கி நடந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அப்பாவுக்கு நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்ட் வேலை, அம்மாவுக்கு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங். யாருக்கும் கைகட்டி நிற்கிற நிலைமை இல்லை. பிறகு என் காலுக்கு மட்டும் அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க, இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி தேவைப்பட்டாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்காவது யாராவது ஒரு கோப்பைத் தூசி தட்டுவார்கள். முகாமின் பெயரும் வேண்டாம். செங்கல்பட்டுப் பக்கம், ஏரியை ஒட்டி, நெருக்கி நெருக்கிக் கட்டிய சின்ன வீடுகள். அப்போது வாசலில் அகதிகள் முகாம் என்று பலகை இருந்தது. இப்போது மறுவாழ்வு முகாம் என்கிறார்கள். பலகை மாறியதில் எனக்குச் சந்தோஷம்தான், மற்றதெல்லாம் மாறியதா என்று அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு நாடகக் குழு. பொத்தேரியில் காலேஜ் படித்து முடித்துவிட்டு, வேலைக்குப் போகச் சொல்லி வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் அதை ஆரம்பித்தார். உள்ளூர்ப் பிள்ளைகளும் முகாம் பிள்ளைகளும் ஒரே மேடையில் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரமாக இருந்த புயல் பாதுகாப்பு மையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை. புயல் இல்லாத நாட்களில் அங்கே மீன்வலை காய்ந்துகொண்டிருக்கும். வலையைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு நாங்கள் நாடகம் போடுவோம். நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வருவோம், முகாம் பிள்ளைகள் ஒரு வேனில் வருவார்கள், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று முகாம் தலைவர் சொல்லி அனுப்பியிருப்பார்.

முதல் நாளே அண்ணன் அவளைப் பார்த்துவிட்டார். பெரிய கண், மெலிந்த முகம். படகில் வரும்போது குழந்தையைக் கடலில் பறிகொடுத்த தாய் வேஷம் அவளுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு, "நீ உன் வலியை அப்படியே மேடைல கொண்டு வா" என்றார்.

அவள் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவதுபோல.

"அண்ணா, நான் கடல்ல வந்ததே இல்ல. பொறந்தது செங்கல்பட்டு ஜி.எச்ல. போட்ல ஏறுனது முட்டுக்காட்டுக்கு ஸ்கூல் டூர் போனப்போ. லைஃப் ஜாக்கெட் போட்டுகினு ஏறுனேன், அதுக்கே வாந்தி எடுத்தேன்."

கூடமே சிரித்தது. அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அகதி என்றால் அழுதுகொண்டிருப்பார்கள் என்றுதான் எங்கள் எல்லோருக்குமே நினைப்பு. கடைசியில் யோசித்துப் பார்த்தால், அந்தக் கூடத்தில் கடலைத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்துக் குப்பத்துப் பையன்கள்தான். அலை எப்படிப் படகைத் தூக்கும், எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும், கரையில் எப்படி விழுவார்கள் என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும். அவர்கள் அகதிகளானார்கள். நான் அந்தத் தாயானேன். முகாம் பிள்ளைகள் எல்லோரும் போலீஸ்காரர், கடைக்காரர், வார்டன், அதிகாரி என்று மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எல்லாம் அவள் செய்த வேலை.

அவள் கேட்டு வாங்கிய வேஷம் ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர். முகாமில் செக்கிங் என்று ஒன்று உண்டு. வருவாய்த்துறை ஆட்கள் பதிவேட்டோடு வந்து மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்து குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிடுவார்கள். சில மாதம் முன்கூட்டியே சொல்வார்கள், சில மாதம் திடீரென்று வந்து நிற்பார்கள். கூப்பிட்ட ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காதவர் பெயர் வெட்டுப்பட்டால் உதவித்தொகை நின்றுபோகும், அடையாள அட்டை சிக்கலாகும், கல்லூரியில் சேரச் சான்றிதழ் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். அவள் பிளஸ் டூ முடிக்கப்போகிற வருஷம் அது.

அந்த ஆர்.ஐ.யை அவள் செய்துகாட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்ததும் இடது முட்டியைத் தேய்த்தாள். பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிமிரவே இல்லை. "ம்" என்று ஒரு டிக், அதன்பிறகுதான் தலையைத் தூக்கினாள், அதற்குள் அடுத்த ஆள் வந்திருப்பார். ஒரு பக்கம் முடிந்ததும் விரலால் மேலிருந்து கீழே எண்ணி, உதடு அசைய மறுபடி எண்ணினாள்.

"பாவம், கெட்ட மனுசன் இல்ல," என்றாள் நாற்காலியை விட்டு எழுந்து. "கணக்கு ஒத்து வரலன்னா அவருதான் மேலதிகாரிக்குப் பதில் சொல்லணும். அந்தப் பயம். ஒரு ஆள நடிக்கணும்னா அந்த ஆளு எதுக்குப் பயப்படுதுன்னு பாரு. மத்ததெல்லாம் தானா வந்துடும்."

இதுதான் அவள். ஊரில் மிமிக்ரி செய்பவர்கள் குரலைப் பிடிப்பார்கள், இவள் பயத்தைப் பிடிப்பாள். ரேஷன் கடைக்காரர் தராசைப் பார்க்காமல் வரிசையின் கடைசியைப் பார்ப்பது, மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் பின்னால் ஓடுகிற கைடு எந்த நொடியில் சிரிப்பை நிறுத்துவான் என்பது, அண்ணனின் செல்போன் அடித்தால் அது அவருடைய அப்பாவா என்று முதலில் எட்டிப் பார்ப்பது. ஒன்றும் தப்பாது. பேச்சும் அப்படித்தான். என்னோடு பேசினால் என்னைப்போலவே 'இன்னா', 'கீது'. வேனில் தன் ஆட்களோடு ஏறினால் 'ஓமடி', 'வாறன்', 'கதைக்காதை'. பள்ளி வாத்தியாரிடம் செய்தி வாசிப்பவர் தமிழ். இதில் எது அவளுடைய சொந்தப் பேச்சு என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "எல்லாரு பயத்தையும் சொல்றியே, நீ எதுக்குடி பயப்படற?"

கண்ணைச் சுருக்கி, இல்லாத மூக்குக்கண்ணாடியை இறக்கி, ரேஷன் கடைக்காரராகவே மாறிச் சொன்னாள்: "ஸ்டாக் இல்லம்மா. அடுத்த வாரம் வா."

சிலருக்கு அவளைப் பிடிக்காது. அவள் பார்த்தாலே திருடுகிறாள் என்பார்கள். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. கணக்கில் மார்க் குறைந்து ஒருநாள் நான் தேம்பிக்கொண்டிருந்தபோது என் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டாள். அணைத்தபடியே என் முகவாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை எங்கே ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்கிறாளோ என்று தோன்றியது. இருந்தாலும் கையை விலக்க மனம் வரவில்லை.

என் அம்மா விஷயத்தில்தான் அவள் என்னை முழுசாக ஜெயித்தாள். நான் நாடகத்தில் நடிப்பது அம்மாவுக்கு வேப்பங்காய். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடுவிலேயே வந்து வாசலில் நின்றுகொண்டு கத்தினாள்.

"பொட்டப் புள்ள கூத்தாடப் போவுதுன்னு தெருவே பேசிகினு கீது. ஒனக்கு இன்னா வேல இங்க? கெளம்புடி வூட்டுக்கு."

தலையைக் குனிந்துகொண்டு போனேன். அடுத்த வாரம் அழுது அடம்பிடித்து மறுபடி வந்தேன். அம்மாவும் பின்னாலேயே வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து இவள் கூடத்தின் நடுவில் என் அம்மாவாக நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் சொருகி, கதவைப் பிடித்துக்கொண்டு, வாய் உள்ளே பார்த்துக் கத்துகிறது, கண் மட்டும் திரும்பித் திரும்பித் தெருவில் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறது. நான் திரும்பினேன். வாசலில் அசல் அம்மா.

அம்மா உள்ளே வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏ பாப்பா, நான் அந்தப் பக்கமா சொருவ மாட்டேன். இந்தப் பக்கம் சொருவுவேன். இப்டி."

சொருகியும் காட்டினாள். இவள் உடனே மாற்றிச் சொருகிக்கொண்டு, "இப்ப சரியா ஆன்ட்டி?" என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா, "நான் அப்டியா தெருவப் பாத்துகினே கீறேன்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தூக்குச்சட்டியில் மீன் குழம்பு வர ஆரம்பித்தது. முகாம் பிள்ளைகளுக்கு முதல், எங்களுக்கு மிச்சம்.

இப்போது நான் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மீட்டிங்கில் மேனேஜர் பேசும்போது அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று பார்ப்பேன். பார்த்துவிட்டால் அவர்மேல் கோபம் பாதியாகிவிடும். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனாள் என்று ஒருவர் சொன்னார். அவள் பார்த்தேயிராத யாழ்ப்பாணத்துக்கு அப்பா அம்மாவோடு திரும்பிவிட்டாள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் நம்புகிறேன், இரண்டையும் நம்பவில்லை. அவளை நினைக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அந்த நாடக நாள்தான்.

நாடகத்துக்கு முந்தின வாரம் வலைமேல் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள். சொல்லும்போது யாருடைய குரலையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. "எங்கப்பா செக்கிங் அன்னிக்கு மட்டும் சிரிக்கவே மாட்டாரு. சட்டை காலர் பட்டன் வரைக்கும் போட்டுகினு விடிகாலைல இருந்து ஒக்காந்திருப்பாரு. மத்த நாளெல்லாம் ஜாலி ஆளு. மேடைல நான் அந்த நாற்காலில ஒக்காந்து பேர் கூப்புடறத அவரு பாக்கணும். பாத்துச் சிரிக்கணும். அதான் எனக்கு வேணும்."

என் தாய் வேஷம் அவளுக்குத் திருப்தியாக வரவே இல்லை. செக்கிங் வரிசையில் நிற்கும் காட்சியில் நான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விசும்புவேன். "அழாத," என்பாள். "அங்க யாரும் அழ மாட்டாங்க. அடுப்புல ஒல வெச்சிட்டு வந்திருப்பாங்க. பஸ்ஸு வரலன்னா எப்டி நிப்ப? அப்டி நில்லு."

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் மேடை. மத்தியான நாடகத்துக்குக் காலையிலேயே வேஷம் போட்டுவிட்டோம். குப்பத்துப் பையன்கள் கிழிந்த லுங்கி கட்டி, முகத்தில் கரி பூசி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தயார். என் உடம்பில் அம்மாவின் பழைய புடவை. நாற்காலிகளில் ஊர் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா பட்டுப்புடவையில் முதல் வரிசை. முகாம் வேன் மட்டும் வரவில்லை. அண்ணனின் போன் அடித்தது. அவர் யார் என்று எட்டிப் பார்த்தார், எடுத்தார், முகம் செத்துவிட்டது.

"செக்கிங் வந்துட்டாங்களாம். யாரும் வெளிய வர முடியாது."

நாடகம் ரத்து என்று சொல்ல அவர் மைக்கை எடுத்தார். அம்மா எழுந்து நின்றாள்.

"இன்னாத்துக்கு ரத்து? அந்தப் புள்ளைங்களால வர முடியலன்னா நாம போறது. செக்கிங் முடிஞ்சதும் அங்கியே போட்டுட்டு வரலாம். வண்டிய எடுங்கப்பா."

அம்மா சொன்னால் சொன்னதுதான். வேஷம் போட்ட நாங்கள் ஒரு ஷேர் ஆட்டோவில், அம்மாவும் அண்ணனும் இன்னும் சிலரும் பின்னால் ஒரு வேனில். முகாம் வாசலில் எங்கள் ஆட்டோ முதலில் நின்றது. இறங்கினதும் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் எங்களைப் பார்த்தார். கிழிசல், கரி, ஈரத்தலை.

"ஏய், எங்க சுத்திகினு வர்றீங்க? அங்க பேர் கூப்புட்டு முடிக்கப்போறாங்க. ஓடுங்க உள்ள!"

ஒருவராவது வாயைத் திறந்து நாங்கள் யார் என்று சொல்லியிருக்கலாம். அந்த அதட்டலுக்குக் கால் தானாக ஓடிவிட்டது. ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுவிட்டோம். திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்த வேனை அவர் மறித்துக்கொண்டிருக்கிறார்.

"பர்மிஷன் கீதா? இல்லன்னா வெளியாளு உள்ள போவக்கூடாது."

"சார், அது எம் பொண்ணு சார்!" என்று அம்மா கத்துவது கேட்டது.

"யாரா இருந்தாலும் செக்கிங் முடிஞ்சி வெளிய வரும்மா. ஓரமா நில்லு."

பட்டுப்புடவை வெளியே நின்றது, பழைய புடவை உள்ளே போனது. இந்தக் கூத்தை எந்த ஒத்திகையிலும் போட்டிருக்க முடியாது.

வேப்பமரத்தடியில் மேசை. வரிசை நீளம். அவள் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா அம்மாவோடு நின்றிருந்தாள். அப்பாவின் காலர் பட்டன் போட்டிருந்தது. திரும்பி எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயோ, ஏனடி வந்தனீங்கள்? வெளியில போங்கோ," என்று மூச்சுக்குள் சொன்னாள். என்னிடம் அவள் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை.

அதற்குள் ஆர்.ஐ. பார்த்துவிட்டார். பேனாவை வைத்துவிட்டு எழுந்து வரிசையை எட்டிப் பார்த்தார்.

"இது யாரு? எந்த வீட்டு ஆளுங்க? இத்தன வருஷத்துல ஆள் குறைஞ்சுதான் பாத்திருக்கேன், கூடி பாத்ததில்ல." குரலில் அதட்டலைவிடப் பதற்றம்தான் அதிகம். "யாரு கூட்டிட்டு வந்தது?"

முகாம் தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. யார் தலையில் இது விடியப்போகிறதோ. அவள் அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உருவிக்கொண்டு முன்னால் போனாள்.

"என்னால வந்தவை, ஐயா. நாடகம் போட."

"என்ன நாடகம்?"

"செக்கிங் நாடகம் ஐயா."

"அதுல நீ யாரு?"

அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். "நீங்க, ஐயா."

ஆர்.ஐ. அவளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு விலகி நின்றார். அனுமதி கொடுத்தாரா, எழுந்து நின்றவர் அப்படியே நகர்ந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "எங்க, செய் பாக்கலாம்" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில், அந்த மேசையில். பதிவேட்டை மட்டும் தொடவில்லை, வெறும் மேசையில் பக்கம் புரட்டினாள். இடது முட்டியைத் தேய்த்தாள். உதடு அசைய எண்ணினாள். வரிசையில் எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. யாரென்று பார்த்தேன். அவள் அப்பா. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு வரிசையே சிரித்தது. ஆர்.ஐ. குனிந்து பார்த்தார். அவர் கை அவருடைய இடது முட்டியில்தான் இருந்தது.

"என் கை எப்பவும் இங்கதான் இருக்குமாய்யா?" என்று பக்கத்து கிளார்க்கைக் கேட்டார். கிளார்க் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

அவள் குப்பத்துப் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "ம்", டிக், "போ". கடைசியில் என்னை.

"எந்த ஊரு?"

"நெம்மேலி."

"எப்ப வந்த?"

எனக்கு எழுதிக் கொடுத்த வசனம் மறந்துவிட்டது. "எப்பவும் இங்கதான் கீறோம்" என்றேன். அவள் நிமிரவில்லை. ஒரு டிக் போட்டாள்.

"சரி. வூட்டுக்குப் போ."

ஆர்.ஐ. சிரித்துக்கொண்டே தொண்டையைக் கனைத்தார். "சரிம்மா, போதும். நல்லாத்தான் செய்யற. நேரமாச்சு, எழுந்திரு. நீங்கல்லாம் வெளிய போங்க." அவர் உட்கார்ந்தார். பதிவேட்டைப் புரட்டினார். நாங்கள் வாசலை நோக்கி நடந்தோம். பின்னால் அவர் குரல் கேட்டது. அவள் அப்பாவின் பெயர். அம்மாவின் பெயர். பிறகு அவள் பெயர்.

திரும்பிப் பார்த்தேன். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். அப்பா பக்கத்தில் போய் நின்றாள். காலைச் சேர்த்து, கையைப் பின்னால் கட்டி, தலையைக் கொஞ்சம் குனிந்து, "ஐயா" என்றாள். அவர் நிமிராமல் டிக் போட்டார். அப்பா காலர் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

வாசலுக்கு வெளியே படபடவென்று கைதட்டல். என் அம்மாதான் ஆரம்பித்தாள். அங்கிருந்து பார்த்தால் மேசை தெரியும், பேச்சு கேட்காது. அண்ணன் தட்டினார், வேனில் வந்தவர்கள் எல்லோரும் தட்டினார்கள். அவள் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், மேடையில் செய்வதுபோல லேசாகக் கும்பிட்டாள்.

திரும்பி வருகிற வேனில் அம்மாவுக்கு வாய் ஓயவில்லை.

"நாற்காலில ஒக்காந்ததுகூட யாரு வேணா செய்வாங்கடி. கடைசில எழுந்து வந்து கையப் பின்னால கட்டிகினு நின்னுச்சு பாரு, அதான் நடிப்பு. எனக்கு நெஞ்சே அடச்சுகிச்சு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது நடிப்பில்லை என்று அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.